நூற்று அறுபத்தெட்டு நியூட்டன்

சித்ரகலாவின் காலில் தெம்பு போய்விட்டது என்று தனபால் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டேமுக்கால் மணிக்கு. தையல் லைனில் இருந்த பதினாறு பேரும் கேட்கும்படி சொன்னார்.

"சித்ரா, தப்பா நெனைச்சுக்காதீங்க. திங்கக்கிழமையில இருந்து நீங்க பிசிறு வெட்டற டேபிளுக்குப் போயிருங்க. உங்க மெஷின்ல அந்தச் சின்னப்பையன் யுவன் உக்காரட்டும். உங்களுக்கும் வயசாகுதில்லீங்களா. கால்ல முன்னாட்டத் தெம்பில்லை."

கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள் அந்தப் பக்கத்தில். தனபால் புரொடக்‌ஷன் மேனேஜர். கோபித்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. ஆளை வெளியே அனுப்பும்போதுகூட டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்புவார். அந்த மரியாதைதான் சித்ரகலாவுக்கு எரிச்சலைக் கிளப்பியது. அவளுக்கு வயது முப்பத்தெட்டு.

வீரபாண்டிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கம்பெனியில் வெளிநாட்டுக் கைக்குழந்தைகளுக்கு உடுப்பு தைக்கிறார்கள். சித்ரகலா பதினொரு வருஷமாக அதற்கு டிச் பட்டன் அடிக்கிறாள். கால் மிதி மெஷின். மிதியை அழுத்தினால் மேல் அச்சு இறங்கிவந்து, பட்டனின் இரண்டு பாதியையும் துணியோடு சேர்த்துக் கடிக்க வைக்கும். காலை எடுத்தால் ஒரு ஸ்பிரிங் மிதியை மேலே இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் மெஷின். ஒரு நாளைக்கு மூவாயிரத்து அறுநூறு மிதி டார்கெட். பத்தரை வருஷம் அதைத் தாண்டி அடித்தவள், இந்த நாலு மாதமாக இரண்டாயிரத்து எண்ணூறில் மூச்சு வாங்கினாள்.

பிசிறு வெட்டும் டேபிள் என்றால் துணியில் தொங்கும் நூல் முனைகளைச் சின்னக் கத்தரியால் நறுக்குகிற இடம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். மெஷினுக்கு ஆகாது என்று ஆனவர்களும் அங்கேதான் போய்ச் சேருவார்கள். சம்பளமும் இறங்கும். ஆனால் அவளைச் சுட்டது சம்பளம் இல்லை. வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் கம்பெனி வேனில் வந்து போகிறவள் அவள். பதினொரு வருஷத்தில் அவளைப் பற்றி யாரும் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. தெம்பில்லாதவள் என்ற பெயரோடு அந்த வேனில் ஏறி உட்கார அவளால் முடியாது.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டாள். வாய் சொன்னதே தவிர மனம் சொல்லவில்லை.

தினமும் காலையில் முதலில் அடிக்கிற மூன்று உருப்படிகளை ஆபரேட்டரே கொண்டுபோய் குவாலிட்டி டேபிளில் கொடுக்க வேண்டும். அங்கே இருப்பவள் மோனிஷா. மடத்துக்குளத்துப் பெண். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்து முடித்துவிட்டு இங்கே வந்து பட்டனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். இழுப்பதற்கென்று ஒரு ஸ்டாண்டு, அதில் கைக்கடங்கிய வட்ட மீட்டர். பட்டனை ஒரு கிடுக்கியிலும் துணியை இன்னொரு கிடுக்கியிலும் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றுவாள். முள் தொண்ணூறுக்குப் போனதும் நிறுத்திப் பத்து எண்ணுவாள். அதுவரைக்கும் பட்டன் பிய்ந்து வராவிட்டால் பாஸ். பிய்ந்து வந்தால் எங்கோ ஒரு குழந்தை அதை வாயில் போட்டுக்கொள்ளும் என்று அர்த்தம்.

"தொண்ணூறு நியூட்டன், பத்து செகண்டு. பாஸ்ங்க்கா" என்றாள் மோனிஷா.

பதினொரு வருஷமாகக் கேட்கிற வார்த்தை. அன்றைக்குத்தான் சித்ரகலா கேட்டாள். "அந்த நியூட்டன்னா என்ன கண்ணு? கிலோவா?"

"கிலோ இல்லீங்க்கா. கிலோன்னா ஒரு பொருள்ல எவ்வளவு சரக்கு இருக்குதுங்கற கணக்கு. நியூட்டன்னா அதைத் தள்றதுக்கோ இழுக்கறதுக்கோ எவ்வளவு வலு போடறோம்ங்கற கணக்கு. விசைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. ஒரு கிலோ பருப்புப் பையைக் கையில தொங்க விட்டீங்கன்னா, பூமி அதைக் கீழ இழுக்கற வலு கிட்டத்தட்ட பத்து நியூட்டன்."

"அப்ப இந்தப் பட்டனுக்கு ஒம்பது கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி."

"ஒம்பதுக்கு மேல கொஞ்சம்."

"இழுக்கறதை மட்டுந்தான் அளக்குமா? அமுக்கறதை?"

மோனிஷா மீட்டரைத் திருப்பிக் காட்டினாள். மறு முனையில் தட்டையான ஒரு குமிழ் இருந்தது. "இதை வெச்சு அமுக்கினா அதையும் காட்டுமுங்க்கா. ரெண்டும் விசைதானுங்களே."

"எதை அமுக்கினாலும்?"

"எதை அமுக்கறோம்னு மீட்டருக்குத் தெரியாதுங்க்கா. வலு எவ்வளவுங்கறது மட்டுந்தான் அதுக்குத் தெரியும்."

சித்ரகலா அந்த மீட்டரைப் பார்த்தாள். ஒரு துண்டு பித்தளைப் பட்டனுக்கு எண் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ரிஜிஸ்டர் இருக்கிறது. அதை அடிக்கிற காலுக்குத் தெம்பு என்ற ஒரே வார்த்தைதான். இருக்கிறது என்பதும் இல்லை என்பதும் தனபால் சார் வாயில் இருக்கிறது.

பத்தரை மணி டீ நேரத்தில் திரும்பி வந்தாள். "கண்ணு, அந்த மீட்டரைக் கழட்டு."

மோனிஷா பயந்துவிட்டாள். மீட்டர் டேபிளை விட்டு வெளியே போகக்கூடாது என்று சுவரில் எழுதியே ஒட்டியிருந்தது. "வேலை போயிருமுங்க்கா."

"அப்ப நீ குடுக்க வேண்டாம். நானே எடுத்துக்கறேன். கேட்டா சித்ரா எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லு." சொல்லிக்கொண்டே ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தினாள். பதினொரு வருஷம் மெஷினோடு குடித்தனம் நடத்தியவளுக்கு ஒரு திருகைக் கழற்றத் தெரியாதா. மோனிஷா அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள். படித்த படிப்பு அவளை உட்கார விடவில்லை.

சித்ரகலா தன் மெஷின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். குமிழை மிதியின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். மேல் அச்சு இறங்கிக் கீழ் அச்சைத் தொடும்வரை அழுத்த வேண்டியிருந்தது. முள் ஓடிப்போய் ஓரிடத்தில் நின்றது.

"நூத்தி அறுவத்தெட்டு" என்று மோனிஷா படித்தாள். நம்பாமல் இன்னும் இரண்டு தடவை அழுத்தச் சொன்னாள். நூற்று அறுபத்தேழு. நூற்று அறுபத்தெட்டு.

அடுத்த மெஷின் ஒச்சம்மாளுடையது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், டீக் கிளாசும் கையுமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏத்தா, என்னதையும் அளந்து பாரேன்" என்றாள். அளந்தார்கள்.

அறுபத்திரண்டு.

ஒச்சம்மாள் கிளாசைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி. நான் மிதிக்கிறது மாதிரி ரெண்டே முக்கால் மடங்குல்ல மிதிச்சிக்கிட்டிருக்க."

அந்த ஸ்பிரிங்குக்கு ஒரு கதை உண்டு. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஆர்டர் பரிசோதனை லேப்பில் ஃபெயில் ஆனது. பட்டன் எழுபது சொச்சத்திலேயே பிய்ந்து வந்தது. தடித்த துணி, அதை அடித்தது சித்ரகலாவின் மெஷின். தனபால் மெக்கானிக் அருள்குமாரை வறுத்தெடுத்தார், 'ங்க' போட்டுத்தான். அருள்குமார் அன்றைக்கே தேய்ந்த அச்சை மாற்றினான். கூடவே வேறேதோ மெஷினுக்குச் செய்த முரட்டு ஸ்பிரிங் ஒன்றை வாங்கிவந்து மாட்டினான். "மிதி கெட்டியா இருந்தாத்தான் பட்டன் கெட்டியா நிக்கும்" என்றான். மறுநாள் பட்டன் நின்றது. பெயர் ஸ்பிரிங்குக்குப் போயிற்று. அச்சை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த ஸ்பிரிங் ஒன்றுதான் கிடைத்தது, அதனால் மற்ற மெஷின்கள் தப்பித்தன.

சித்ரகலாவும் நம்பினாள். நம்பியதோடு நிற்காமல் பெருமையும் பட்டாள், அதுதான் கொடுமை. "இந்த மிதிக்கு சித்ராதான் லாயக்கு" என்று அப்போது இதே தனபால்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக நாலு மாதம் ராத்திரியில் முழங்காலுக்கு எண்ணெய் போட்டு நீவிக்கொண்டு, வலிக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தாள்.

டீ நேரம் முடிந்து தனபால் வந்தபோது மீட்டர் தரையில் இருந்தது.

"மீட்டரை எதுக்குங்க இங்க கொண்டுவந்தீங்க? ஆடிட்டுல கேட்டா நாந்தானுங்க பதில் சொல்லோணும்."

"மிதியை அளந்தமுங்க சார். என்னுது நூத்தி அறுவத்தெட்டு. ஒச்சம்மாளுது அறுவத்திரண்டு."

"மிதிக்கெல்லாம் அளவு கிடையாதுங்க. கால்ல தெம்பிருந்தா தானா மிதிபடும்."

"அதென்னுங்க சார் அப்படி? குழந்தை சட்டைப் பட்டனுக்கு அளவிருக்குது, என்ற காலுக்கு இல்லீங்களா? அந்த மீட்டருக்கே பட்டன் எது கால் எதுன்னு வித்தியாசம் தெரியலை. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

லைனில் மெஷின் ஓடும் சத்தம் குறைந்தது. ஒவ்வொருவராகக் காலை எடுத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள். தனபால் அருள்குமாரைக் கூப்பிட்டார். அவன் வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தான்.

"சார், சின்ன ஸ்பிரிங்கைப் போட்டா பட்டன் நிக்காதுங்க. அன்னிக்குப் பார்த்தமில்லீங்களா" என்றான்.

"கேட்டீங்களா சித்ரா? வெளிநாட்டுப் பையர் ஆர்டருங்க. வெளையாட முடியுமுங்களா?"

"மாட்டிப் பார்க்கலாமுங்க சார்" என்றாள் சித்ரகலா. "ஒச்சம்மாள் மெஷின் ஸ்பிரிங்கை என்ற மெஷினுக்கு மாட்டச் சொல்லுங்க. இதே தடிச்ச துணியில அடிக்கறேன். பட்டன் நிக்கலைன்னா திங்கக்கிழமை வரைக்கும்கூட வேண்டாம், இப்பவே கத்தரியை எடுத்துட்டு அந்த டேபிளுக்குப் போயர்றேன். நின்னுதுன்னா, பதினாறு பேர் முன்னால நீங்க சொன்னதை, அதே பதினாறு பேர் முன்னால திருப்பி எடுத்துக்கோணும்."

கெட்டியாக மிதித்தால்தான் கெட்டியாக நிற்கும் என்று நாலு மாதமாக அவளும்தான் நம்பியிருந்தாள். அருள்குமார் சொல்வதே நிஜமாக இருந்துவிட்டால்? ஆனால் இதற்குப் பயந்தால் அப்புறம் ஆயுசு முழுக்க நூல் பிசிறுதான் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

தனபால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினாறு பேரைப் பார்த்தார். "சீக்கிரம் மாட்டுங்க அருளு" என்றார்.

ஸ்பிரிங் மாற்றப் பத்து நிமிஷம் ஆனது. சித்ரகலா உட்கார்ந்து, துணியை வைத்து மிதித்தாள். பழக்கத்தில் முழு வலுவையும் கொடுத்துவிட்டாள். மிதி தடாலென்று கீழே போய் இடித்தது. யாரோ சிரித்தார்கள். இரண்டாவது மிதியில் கால் கணக்குக்கு வந்தது. மூன்று பட்டன் அடித்து எடுத்துக்கொண்டு குவாலிட்டி டேபிளுக்கு நடந்தாள். லைன் முழுவதும் பின்னால் வந்தது. வேலை நேரத்தில் எழுந்து வரக்கூடாது என்று தனபால் சொல்லவில்லை, அவருக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

மோனிஷா சக்கரத்தைச் சுற்றினாள். ஐம்பது. எழுபது. நாலு மாதத்துக்கு முன் பிய்ந்து வந்த இடத்தை முள் தாண்டியது. எண்பது. தொண்ணூறில் நிறுத்தினாள். ஒச்சம்மாள்தான் சத்தமாக எண்ணினாள், ஒன்றிலிருந்து பத்து வரை, வேண்டுமென்றே மெதுவாக.

பட்டன் நின்றது. மற்ற இரண்டும் நின்றன.

"இன்னும் சுத்துங்க" என்றார் தனபால்.

நூறு. நூற்றுப் பத்து. நூற்று இருபத்து மூன்றில் டர்ரென்று கிழிந்தது துணிதான், பட்டன் இல்லை. காலையில் முரட்டு ஸ்பிரிங்கில் அடித்த உருப்படி ஒன்றை மோனிஷா கூடையிலிருந்து தானாகவே எடுத்து மாட்டினாள். அதில் நூற்று இருபத்து நாலில் துணி கிழிந்தது. ஒரு நியூட்டன் வித்தியாசம்.

அருள்குமார்தான் முதலில் வாயைத் திறந்தான். கெட்டவன் இல்லை அவன். தப்பு கண்ணில் பட்டால் மறைக்கத் தெரியாதவன். "மிதியை மேல தூக்கறதுதானுங்க சார் அந்த ஸ்பிரிங்கோட வேலை. பட்டனைக் கடிக்க வெக்கறது அச்சு. அன்னிக்குப் புது அச்சு போட்டமில்லீங்களா, அதுலதான் சரியாயிருக்குது. நாந்தான் யோசிக்காம விட்டுட்டனுங்க."

"அப்ப நாலு மாசமா நான் மிதிச்ச மிதி?" என்று கேட்டாள் சித்ரகலா.

"அந்த ஸ்பிரிங்கை இழுக்கறதுக்குத்தானுங்க்கா போயிருக்குது."

மோனிஷா போனை எடுத்துக் கணக்குப் போட்டாள். மிதி ஒன்றுக்கு நூற்று ஆறு நியூட்டன் கூடுதல். பத்தேமுக்கால் கிலோவைத் தூக்கும் வலு. ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து எண்ணூறு தடவை. "முப்பது டன்னுக்கு வருதுங்க்கா. ஒரு நாளைக்கு" என்றாள் மெல்ல.

சித்ரகலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகை இல்லை அது, ஆத்திரம். தினம் முப்பது டன். பட்டனுக்கும் சேரவில்லை, குழந்தைக்கும் சேரவில்லை, கம்பெனிக்குக்கூடச் சேரவில்லை. ஒரு சுருள் கம்பி தின்றுவிட்டு சும்மா இருந்திருக்கிறது. அதற்குத்தான் இவள் காலில் தெம்பில்லை என்று பெயர்.

இந்தக் கூட்டத்தைக் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துவிட்டு முதலாளி மகுடேஸ்வரன் இறங்கி வந்தார். தோட்டத்தை விற்றுக் கம்பெனி வைத்தவர். இன்னும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் லைனுக்குள் வருவார். தனபால் சுருக்கமாகச் சொன்னார், அருள்குமார் விவரமாகச் சொன்னான்.

"சாரு இன்னும் சொன்னதைத் திருப்பி எடுக்கலீங்க" என்றாள் சித்ரகலா.

தனபால் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சுவரைப் பார்த்தார். "சித்ராவுக்குக் கால்ல தெம்பிருக்குதுங்க" என்றார் தனபால், கஷாயம் குடித்த முகத்தோடு. "போதுமுங்களா?"

"போதுமுங்க."

மகுடேஸ்வரன் சிரித்தார். "நல்லதா போச்சு. ஏனம்மா சித்ரா, உன்ற மெஷின் உனக்கேதான், யுவன் அவனிடத்துலயே இருக்கட்டும். மிதியும் பூவாட்ட ஆயிருச்சு. உனக்கோ தெம்பு கெடக்குது. அப்ப டார்கெட்டை நாலாயிரத்தி ஐநூறு ஆக்கிரலாமில்லோ?"

சித்ரகலாவுக்கு ஒரு நிமிஷம் சிரிப்புகூட வந்தது. இந்த ஆள் நிலத்தை விற்றாரே தவிர, கடைசிப் பருத்தி வரைக்கும் பறிக்கிற புத்தியை விற்கவில்லை.

"ஆகாதுங்க" என்றாள்.

"ஏம்மா?"

"மூவாயிரத்தி அறுநூறுதானுங்க பேச்சு. அது குடுப்பேனுங்க."

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே மகுடேஸ்வரன் நடந்துவிட்டார். ஆகாது என்ற வார்த்தையைக் காதில் வாங்காமல் நகர்ந்துவிடுவது முதலாளிகளின் பழக்கம்.

திங்கட்கிழமை காலையில் லைனுக்கு ஒட்டுகிற டார்கெட் சீட்டில் அவள் பெயருக்கு நேரே நாலாயிரத்து ஐநூறு என்று எழுதியிருந்தது. அவள் படித்தாள். போய் உட்கார்ந்தாள். ஒச்சம்மாள் மெஷினுக்கும் அருள்குமார் அதே அளவில் வேறொரு ஸ்பிரிங்கை மாட்டியிருந்தான். மிதி அறுபத்திரண்டு நியூட்டனில் அவள் காலுக்குக் கீழே ஏறி இறங்கியது. பழைய வேகம் தானாக வந்தது. மதியத்துக்குள் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டாள். தனபால் இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டுத் திருப்தியோடு போனார்.

நாலே முக்காலுக்கு மூவாயிரத்து அறுநூறாவது மிதி. பட்டனைச் சரிபார்த்துக் கூடையில் போட்டாள். ஷிப்ட் முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. வலது காலை மிதியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

தனபால் வேகமாக வந்தார். "ஏனுங்க நிறுத்திட்டீங்க? இன்னும் தொள்ளாயிரம் இருக்குதுங்களே."

"இருக்குதுங்க சார்."

"அப்புறம்? கால் வலிக்குதுங்களா?"

"இல்லீங்க. சுத்தமா வலி இல்லீங்க."

"அப்ப அடிக்கலாமில்லீங்க. தெம்பிருக்குதுன்னு நீங்கதானே மீட்டர் வெச்சுக் காட்டினீங்க?"

சித்ரகலா நிமிர்ந்து பார்த்தாள். "காட்டினது நாந்தானுங்க. மிச்சமிருக்கற வலு நாலு மாசமா ஸ்பிரிங்குக்குப் போயிட்டிருந்துச்சு. அதுகிட்ட இருந்து அதைத் திரும்ப வாங்கினதும் நாந்தான். எனக்குன்னுதானுங்க வாங்கினேன். உங்களுக்குன்னு வாங்கலை."

தனபால் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தார், அங்கிருந்து யாரும் இறங்கி வரவில்லை. பக்கத்து மெஷினில் ஒச்சம்மாள் தன் கணக்கை முடித்துவிட்டுக் காலை எடுத்துத் தரையில் வைத்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி கூடையில் விரல் வைத்து எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்ரகலா அப்படியே உட்கார்ந்திருந்தாள். வலியில்லாத காலோடு, ஒரு வேலையும் செய்யாமல், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பதினொரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பெல் அடிக்கும்வரைக்கும் அவள் எழுந்திருப்பதாக இல்லை.